ஷிப்ட் போட்டு வந்த வைஃபை திருடன்

என் போனுக்குச் சன்னியாசம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஓர் அட்டைக்கடியால் வந்தது.

நீலகிரியில் நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் நான் ஆபீஸ் கிளார்க். மழைக்காலத்தில் இங்கே அட்டை கடிப்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. கொஞ்சம் உப்பை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் என்னைக் கடித்த அட்டை, யாரிடமும் காட்ட முடியாத இடமாகப் பார்த்துக் கடித்திருந்தது. கூச்சப்பட்டுக்கொண்டு மருந்தைப் போனில் தேடினேன். ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு போன் அந்த அட்டையைவிடக் கெட்டியாக என்னைப் பிடித்துக்கொண்டது. செய்தி படித்தால் அரிப்புக்குக் களிம்பு. மழை வருமா என்று பார்த்தால் அட்டை ஏறாத காலுறை. பாட்டுக் கேட்டால் நடுவில் ஒரு பெண்மணி வந்து, உட்கார முடியாமல் அவதிப்படுகிறீர்களா என்று பரிவோடு விசாரித்தாள். ஒருநாள் என் போனில் வர்க்கி பிஸ்கட் செய்முறை பார்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து, "ஏனுங்க, உங்களுக்கு எங்கீங்க அரிக்குது?" என்று கேட்டாள்.

அன்றே முடிவு செய்தேன்.

நம்மைப் பற்றி யாரிடமும் கோள் சொல்லாத இயங்குதளங்கள் இருக்கின்றன என்று படித்திருந்தேன். போனில் கம்பெனிக்காரர்கள் போட்டுக் கொடுத்ததை முழுக்கத் துடைத்துவிட்டு அதன் இடத்தில் இதைப் போட வேண்டும். எல்லாப் போனிலும் ஏறாது. அதற்கென்று சில மாடல்கள் உண்டு. அப்படி ஒன்றைக் கோயமுத்தூரில் பழைய போன் விற்கும் கடையில் தேடிப் பிடித்து வாங்கி வந்தேன். நல்ல போனை வாங்கி அதில் இருப்பதையெல்லாம் அழிக்கப் போகிறேன் என்று சொன்னதும் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, புது வேட்டி வாங்கி அடுப்பு துடைக்கப் போகிறேன் என்று சொன்னால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

வீட்டில் வைத்துச் செய்ய முடியாது. பாதி வேலையில் கரண்ட் போனால் போன் வெறும் கண்ணாடிச் சில்லு ஆகிவிடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் காற்று கொஞ்சம் பலமாகத் தும்மினாலே கரண்ட் போய்விடும். ஜெனரேட்டர் இருக்கிற ஒரே இடம் ஃபாக்டரிதான். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். முதலில் எடுத்த கேபிள் சார்ஜ் ஏற்றும், ஆனால் கம்ப்யூட்டரோடு பேசாது. அடுத்தது பேசும், ஆனால் மூச்சு விட்டால் நிறுத்திக்கொள்ளும். மூன்றாவதாக ஒன்றை மேனேஜர் அறையிலிருந்து உருவி வந்தேன். போனில் கம்பெனி போட்டிருந்த பூட்டைத் திறக்கும்போது, இதற்கு மேல் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று திரையில் வந்தது. வால்யூம் பட்டனால் 'சரி' என்ற இடத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு பவர் பட்டனை அழுத்தினேன். இலையை வாட்டுவதிலிருந்து தூளாக்குவது வரை பார்க்கும் டீ மேக்கர் அந்தப் பக்கமாக வந்தவர், நான் போனையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "ஏனுங்க, போன் வாடிருச்சுங்களா? ரோலர்ல போட்டுறலாமா?" என்றார்.

ஒருவழியாக எல்லாம் ஏறி, பூட்டைத் திரும்பப் பூட்டியபோது எனக்கு இரண்டு கொம்பு முளைத்திருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். கறுப்புத் திரை. நாலைந்து சின்னப் படங்கள். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்னங்க புதுசு?"

"ஒண்ணுமே இல்ல பாரு. அதான் புதுசு."

"ஒண்ணுமில்லாததுக்கா ஞாயித்துக்கிழமை பூரா ஊட்டுக்கு வராம உக்காந்திருந்தீங்க?"

இதற்குப் பதில் சொல்லும் வசதி எந்த இயங்குதளத்திலும் இல்லை.

அடுத்த சில நாட்கள் நான் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். எந்தச் செயலி எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்வதற்கு ஒரு பட்டன் இருந்தது. நான் எங்கே இருக்கிறேன்? சொல்ல மாட்டேன். கேமரா? கிடையாது. மைக்? கிடையாது. வாழ்க்கையில் யாரிடமும் 'முடியாது' என்று சொல்லிப் பழகாத ஒரு கிளார்க்குக்கு இது எவ்வளவு பெரிய சுகம் என்று உங்களுக்குத் தெரியாது. மழைக்கோட்டுக்குள் போனை வைத்துக்கொண்டு ரகசியப் போலீஸ் மாதிரி நடந்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் ஆபீசில் திருட்டு வெளியே தெரிந்தது.

எங்கள் ஃபாக்டரி ஒரு பள்ளத்தில் இருக்கிறது. ரோட்டு வளைவுக்கு ஏறினால்தான் செல் சிக்னல். அதுவும் சில நேரம் கேரளாவுக்கு வருக என்று வரவேற்கும். மரத்துக்கு மரம் தொங்கி வருகிற ஒற்றை இன்டர்நெட் கம்பிதான் ஆபீசுக்குக் கதி. அதில் மேனேஜர் கோயமுத்தூர் தலைமை ஆபீசோடு வீடியோ மீட்டிங் பேசுவார். அந்த வாரம் நெட் இழுத்து இழுத்து வந்ததில், அவர் கொட்டாவி விட்ட கணத்தில் படம் உறைந்துபோய், தலைமை ஆபீஸ் முழுக்க அவருடைய கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். செவ்வாய்க்கிழமை கோபமாக என்னைக் கூப்பிட்டார்.

"என்னங்க நடக்குது? யாரோ நம்ம நெட்டை உறிஞ்சறாங்க. பாருங்க."

ஆபீசில் கம்ப்யூட்டர் நிபுணன் நான்தான். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருமுறை கிழியாமல் உருவியதற்காகக் கிடைத்த பட்டம் அது. ரவுட்டருக்குள் போய், யார் யார் வைஃபையில் வந்து போனார்கள் என்கிற பட்டியலைத் திறந்தேன். மேனேஜரின் போன், டீ மேக்கரின் போன், வாட்ச்மேன் போன் என்று எல்லாம் தம் தம் பெயரோடு சாதுவாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குக் கீழே, 'பெயர் தெரியாத சாதனம்'. அதற்குக் கீழே இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அடையாள எண்.

"சார், இது ஒருத்தன் இல்லீங்க," என்றேன் குரலைத் தாழ்த்தி. "கும்பலுங்க."

பாஸ்வேர்டை மாற்றினேன். மேனேஜர், டீ மேக்கர், வாட்ச்மேன் மூவருக்கு மட்டும் சொன்னேன். புதிய பாஸ்வேர்ட் சரியாக வேலை செய்கிறதா என்று என் போனில் போட்டுப் பார்த்தேன். செய்தது. பெருமையாக மேனேஜரைக் கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டினேன். புத்தம் புதிதாக ஒரு பெயர் தெரியாத சாதனம் அதில் உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "டீ ஆறறதுக்குள்ள வந்துட்டானே!"

புதன்கிழமை மறுபடி மாற்றினேன். இந்த முறை மேனேஜருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். காகிதத்தில்கூட எழுதவில்லை, அவர் காதில் சொன்னேன். பிறகு என் போனில் போட்டுச் சரிபார்த்தேன். வந்துவிட்டான்.

கதவைச் சாத்திக்கொண்டு காதில் சொன்ன பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு போகிறவன் சாதாரணத் திருடனாக இருக்க முடியாது. வெளியே எங்கோ ஒளிந்திருக்கிறான் என்று முடிவு கட்டி, குடையை எடுத்துக்கொண்டு ஃபாக்டரியைச் சுற்றி வந்தேன். இலை நிறுக்கும் ஷெட், விறகு அடுக்கு, ரோட்டோரம் நிற்கும் டூரிஸ்ட் வண்டிகள் வரை பார்த்தேன். ஒரு புதர் அசைந்தது. குடையை ஓங்கினேன். உள்ளேயிருந்து ஒரு காட்டுக்கோழி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனது. திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தால், பழைய எண் போய்ப் புதிய எண் வந்திருந்தது.

"சார், ஒருத்தன் போய் இன்னொருத்தன் வர்றானுங்க. ஷிப்ட் போட்டுத் திருடறாங்க!"

சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மேனேஜர் எழுந்து போய் வைஃபையை நிறுத்திவிட்டார். "ஆளைப் புடிக்கற வரைக்கும் யாருக்கும் வைஃபை கிடையாது. கம்ப்யூட்டருக்கு மட்டும் வயர்ல வரட்டும். நீங்க பொறி வைக்கறப்ப மட்டும் போட்டுக்குங்க."

அன்று சாயங்காலம் வாட்ச்மேன் என் ஜன்னலருகே வந்து நின்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னப் பையனாக இருந்தபோது அப்பா அம்மாவோடு இலங்கையிலிருந்து கப்பலேறி இங்கே வந்தவர். அவருடைய அக்கா அங்கேயே கல்யாணமாகி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் தங்கிவிட்டார். இடையில் கடிதங்களும் நின்றுபோய், ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்றே மற்றவருக்குத் தெரியாத காலம் ஒன்று இருந்தது. இந்தச் செல்போன் வந்த பிறகுதான் தெரிந்தவர் வழியாகத் தெரிந்தவர் என்று தேடிப் பிடித்தார்கள். தினமும் டூட்டிக்கு வந்ததும் ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே படியில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசுவார்கள். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. "எங்கடா இருக்க, எனக்கு ஒரே பொகையாத் தெரியுது," என்று அந்தப் பக்கம் கேட்கும். "பனிக்கா, பனி," என்று இவர் சமாதானம் சொல்வார். எங்கள் ஊரில் அது பாதி உண்மையும்கூட.

"ஐயா," என்றார். "அக்காவுக்கு நாளைக்குக் கண் ஆப்பரேசன். வெள்ளிக்கெழம கட்டு அவுக்குறாங்க. அவுத்த ஒடனே மொதல்ல என் மொகத்ததான் பாக்கணும்னு பிடிவாதமாச் சொல்லிருச்சு. கப்பலடியில அரைக்கால்சட்டையோட பாத்தது, அதுக்குப் பொறவு என்னய ஒழுங்காப் பாத்ததே இல்ல. வெள்ளிக்கெழம சாயந்தரம் கொஞ்ச நேரம் கதைக்க முடியுமாய்யா?"

ரோட்டு வளைவில் சிக்னல் இருக்கிறது. ஆனால் கேட்டை விட்டுவிட்டு வாட்ச்மேன் எப்படி ஏறுவார்? மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் கடைவாய்ப் பல் காட்டிய அவமானம் இன்னும் ஆறவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளைப் புடிங்க, போட்டுக்கலாம்," என்றார். பிறகு, "டீ மேக்கருக்கு வாட்ச்மேன் மேலதான் சந்தேகம். அவர்தான் ரோட்டுல நிக்கற யாருக்கோ சொல்றாருன்னு," என்றார்.

காதில் சொன்ன பாஸ்வேர்ட் வாட்ச்மேனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நிபுணர்களுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் தோன்றாது.

வியாழக்கிழமை முழுக்கப் பொறி வைத்தேன். வைஃபையைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் ஒளிந்து நிற்பது. பட்டியலில் ஆள் வந்ததும் வெளியே பாய்வது. பாய்ந்து பாய்ந்து முழங்கால் சேறானதுதான் மிச்சம். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அன்றைய துப்பறியும் விவரங்களைச் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க ஆபீஸ் போறதுக்கு முந்தி அவன் வந்திருக்கானுங்களா?"

"இல்ல. நான் போனதுக்கப்புறம்தான் வர்றான். என்னைய நோட்டம் விடறான்."

"மத்தியானம் நீங்க சோத்துக்கு ஊட்டுக்கு வர்றப்போ?"

"அப்ப அவனும் போயிர்றான். அவனுக்கும் பசிக்குமில்ல."

"போன வாரம் காய்ச்சல்னு லீவு போட்டீங்களே, அன்னிக்கு?"

யோசித்தேன். பழைய பட்டியல் ஞாபகத்துக்கு வந்தது. "அன்னிக்கு அவனும் லீவு."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க, அந்தத் திருடனுக்குப் பீன்ஸ் பொரியல் புடிக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே செஞ்சுபோடறேன்."

அப்போதும் எனக்குப் பாதிதான் விளங்கியது. வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குள் நுழைந்ததும் மீதியும் விளங்கியது. ரவுட்டரில் வைஃபையைப் போட்டுவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து என் போனில் வைஃபையை அணைத்துப் போட்டேன். பட்டியலில் புதியவன். மறுபடி அணைத்துப் போட்டேன். இன்னொரு புதியவன். போனின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், நான் எந்தக் காலத்திலோ பெருமையாகப் படித்து மறந்த வரி அங்கே இருந்தது: ஒவ்வொரு முறை இணையும்போதும் புதிய அடையாள எண்ணைக் காட்டும், பெயரைச் சொல்லாது. யாரும் என்னைப் பின்தொடரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அது தன் வேலையை அருமையாகச் செய்திருந்தது. அந்த நான்கு நாளும் என்னைப் பின்தொடர முயன்ற ஒரே ஆள் நான்தான். என்னாலேயே என்னைப் பிடிக்க முடியவில்லை.

குடையோடு புதரைத் துழாவியபோது, திருடன் என் மழைக்கோட்டுப் பையில் உட்கார்ந்து கூடவே தேடியிருக்கிறான்.

நல்லவன் என்றால் நேரே மேனேஜரிடம் போயிருப்பான். நான் முதலில் அந்த அமைப்பை மாற்றி, எப்போதும் ஒரே எண்ணைக் காட்டும்படி செய்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"சார், கும்பல் ஓடிப்போச்சுங்க. இனி வரமாட்டாங்க. வைஃபையைப் போட்டர்லாம்."

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரியலீங்க. ஆனா ஓடிட்டாங்க."

மேனேஜர் பேனாவால் மேசையைத் தட்டினார். "வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டோம், உடனே ஓடிட்டாங்க. அப்ப டீ மேக்கர் சொன்னது சரிதானே? அவருக்கு வைஃபையே வேண்டாம்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். டூட்டிக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. ஆனால் வாட்ச்மேன் அதற்குள் வந்து படியில் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். வராத காலுக்காகப் போனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றேன். "ஆள் தெரியும்ங்க."

"யாரு?"

"பி.காம் படிச்சவனுங்க. ஆபீஸ்லதான் இருக்கான். பிரிண்டர்ல பேப்பர் மாட்டுனா நல்லா உருவுவான்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த போனைப் பார்த்தார். நான் அமைப்பைப் பழையபடி மாற்றி, வைஃபையை அணைத்துப் போட்டு, பட்டியலில் கும்பல் வந்து சேர்வதைச் செய்து காட்டினேன். இரண்டாவது ஷிப்ட் வந்தபோது அவர் சிரிக்க ஆரம்பித்தார். மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ மேக்கரைக் கூப்பிட்டு, மறுபடியும் செய்து காட்டச் சொன்னார். டீ மேக்கர் தன் ஆட்களைக் கூப்பிட்டார். ஊட்டியில் பொம்மலாட்டம் போடுகிறவனுக்குக்கூட இத்தனை முறை ஒன்ஸ்மோர் கிடைத்திருக்காது.

கடைசியில் மேனேஜர் எழுந்தார். "பாஸ்வேர்டை நானே மாத்தறேன். நீங்க வெளிய நில்லுங்க."

மாற்றினார். தன் போனில் போட்டுக்கொண்டார். படிக்கு இறங்கிப் போய் வாட்ச்மேன் போனிலும் தன் கையாலேயே போட்டுக் கொடுத்தார். டீ மேக்கர், வாட்ச்மேனிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு, கையோடு ஒரு டம்ளர் டீயும் கொண்டுவந்து கொடுத்தார். இன்றைக்கு அந்த ஃபாக்டரியில் வைஃபை பாஸ்வேர்ட் தெரியாத ஒரே ஸ்டாஃப் நான்தான். நெட் அதே பழைய இழுவையோடுதான் வருகிறது என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன். ஒருநாள் வாட்ச்மேனிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். "மேனேஜர் தொரை ஒங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னிருக்காருய்யா," என்றார் மிகுந்த மரியாதையோடு.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால் வந்தது. பனி இறங்கி ஷெட்டை மூடியிருந்ததால், வெளிச்சத்துக்காக அவரை ஆபீசுக்குள் என் நாற்காலியில் உட்கார வைத்தோம். நல்ல வேளையாக நெட் உறையவில்லை. திரையில் கட்டு அவிழ்த்த கையோடு கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. பக்கத்தில் யாரோ கண்ணாடியை மெல்லக் கழற்றினார்கள். ஆப்பரேஷன் செய்த கண் சிமிட்டியது. கிட்டே வந்தது. வாட்ச்மேன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி விறைப்பாக இருந்தார்.

"அடப்பாவி," என்றார் அக்கா. "என்னடா இப்பிடிக் கெழவனாயிட்ட!"

"நீ மட்டும் என்ன கொமரியா?" என்று இவர் சொன்னார். சொல்லிவிட்டு, படிய வாரியிருந்த தலையை ஒரு காரணமும் இல்லாமல் மறுபடி மறுபடி தடவிக்கொண்டார்.

"அப்பாவ அப்பிடியே உரிச்சு வச்சிருக்க. அந்தக் காதப் பாரு. திரும்பு, திரும்பு." அவர் திரும்பினார். அந்தப் பக்கமும் திரும்பச் சொன்னார் அக்கா. அதற்கும் திரும்பினார். நானும் மேனேஜரும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை மிகவும் கவனமாகப் படித்தோம்.

பிறகு வாட்ச்மேன் மறுபடி அந்தச் சின்னத் தம்பியாகி, இந்த நான்கு நாள் கதையையும் ஒன்றுவிடாமல் அக்காவிடம் சொன்னார். ஷிப்ட், குடை, காட்டுக்கோழி எல்லாவற்றையும். அந்தப் பக்கம் லயத்துச் சனமே கூடிவிட்டது போலிருந்தது; சிரிப்பு ஒரு ஆளின் சிரிப்பாக இல்லை.

"எங்க, அந்த வைஃபைக் கள்ளனக் காட்டுடா பாப்போம்!"

நான் கதவைப் பார்த்து நகர்ந்தேன். மேனேஜர் தோளைப் பிடித்துத் திருப்பினார். கேமரா கிடையாது, மைக் கிடையாது, இருப்பிடம் சொல்ல மாட்டேன் என்று ஊருக்கெல்லாம் கதவைச் சாத்திய என் போன், பையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வாட்ச்மேனின் கீறல் விழுந்த போனோ என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு லயத்துச் சனம் முழுக்க என்னை மூக்கும் முழியுமாகப் பார்த்தது. புதுக் கண்ணால் அக்கா நிதானமாகப் பார்த்தார்.

"பாத்தா நல்ல புள்ள மாதிரித்தான் இருக்கு," என்றார். "ஏன் தம்பி நின்னுக்கிட்டே இருக்கீங்க? ஒக்காருங்க."

அட்டைக்கடி இன்னும் முழுக்க ஆறவில்லை என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.